இருநூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர்

செவ்வாய், காலை 9.10 (கோவை நேரம்)
நிலவின் அடியில் ஒரு சுரங்கம். உள்ளே காற்று அடைத்து இரண்டு கிலோமீட்டர் பந்தயத் தடம் போட்டிருக்கிறார்கள். பட்டறையில் நான் ஒருவன்தான்: நாச்சிமுத்து, பொள்ளாச்சிக்காரன். வெப்பம் 14 டிகிரி. காற்றழுத்தம் சரி. 1971-ஆம் ஆண்டுச் சிவப்புக் கார் ஜாக்கியில் நிற்கிறது. வெள்ளியன்று இதை ஓட்டப்போவது என் தங்கை தெய்வானை. டயர் அகலத்தை நான் முடிவு செய்யவேண்டும்.

செவ்வாய், பகல் 2.40
நானே ஓட்டிப் பார்த்தேன். 185 மில்லிமீட்டர் அகல டயர், ஆறு அங்குல ரிம்: மூன்று சுற்றில் டயர் சூடு 62 டிகிரி. பிடிமானம் நன்று. 225 அகலம், எட்டு அங்குல ரிம்: மூன்று சுற்றுக்குப் பிறகும் 29தான். இங்கே காரின் எடை ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு அகல ரப்பரை அழுத்திச் சூடாக்க அது போதாது. சூடேறாத டயர் வழுக்கும். ஆக, 185. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

புதன், காலை 11.05
யோசிக்க வைத்துவிட்டாள். நிலவுக்கு வந்துகொண்டிருக்கும் கப்பலிலிருந்து தெய்வானையின் செய்தி: “ஏனுங்ண்ணா, ஒல்லி டயரைப் போட்டு மானத்த வாங்கிறாதீங்க. உலகமே பாக்குதுங்க. அகலமாப் போடுங்ண்ணா, வண்டி எடுப்பா இருக்கோணும்.”
எங்கள் ஊர்ப் பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான் இது. சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டில் உரசாத மட்டும் அகலம். உரசினால் ஃபெண்டர் ஓரத்தை மடக்கிவிடு. மடக்கிவிட்டேன். 225 மாட்டிப் பார்த்தேன். சனியன், அழகாகத்தான் இருக்கிறது.

வியாழன், மாலை 5.30
கழற்றினேன். மாட்டினேன். மறுபடி கழற்றினேன். ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. கடைசியில் 225-ஐயே மாட்டி, மின்போர்வை சுற்றி 80 டிகிரிக்குச் சூடாக்கினேன். சூடோடு கிளம்பினால் ஐந்து சுற்று தாங்கும். அவள் ஓட்டப்போவது ஐந்துதான். பந்தயம் நடத்துகிறவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் ‘வெப்பம் போதுமானது’ என்று எழுதினேன். போர்வையைப் பற்றி எழுதவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

வெள்ளி, காலை 10.31
கார் தொடக்கக் கோட்டில். போர்வைகளை எடுத்தாயிற்று, அங்கே மின்இணைப்பு கிடையாது. அவள் இன்ஜினைக் கிளப்பினாள். மணியைப் பார்த்தேன். பத்தரை! வெள்ளிக்கிழமை ராகு காலம். பன்னிரண்டுக்கு மேல் எடு என்று வானொலியில் நிறுத்தினேன். “நிலாவுலயுமா ராகு காலம்? நீங்க திருந்தவே மாட்டீங்ண்ணா!” சிரித்தாள், ஆனால் கேட்டுக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது.

வெள்ளி, காலை 11.50
மடையன். மடையன். டயர் 17 டிகிரி. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலாக ஆறிக்கொண்டிருக்கிறது, நான் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சக்கரம் மாற்ற நேரமில்லை. சொல்லவேண்டும். நாங்கள் வானொலியில் பேசுவது முழுக்க உலகத்துக்கு நேரலையில் போகிறது.

பகல் 12.01
சொல்லவில்லை. கிளம்பிவிட்டாள்.

பகல் 12.03
“ண்ணா, பிரேக் புடிக்கறேன், நிக்கவே மாட்டீங்குது! ண்ணா!”
முதல் வளைவு. சுவர். இங்கே காரின் எடைதான் குறைவு, மோதுகிற வலு ஊரில் மோதுவது போலவேதான். காற்றை அடைத்து வைத்திருக்கும் சுவர் உறை கிழிந்து காற்று வெளியேறுகிறது. பட்டறைக் கதவு தானாக மூடிக்கொண்டது.

பகல் 12.07
உயிரோடு இருக்கிறாள். கால் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுவதற்குப் போட்ட அழுத்த உடுப்பு கிழியவில்லை, ஆனால் அதில் காற்றுக் குப்பி கிடையாது. இன்னும் கால்மணியில் சுரங்கத்தில் காற்று இருக்காது. மீட்புக் குழு வர எழுபது நிமிடமாம்.
இங்கே விண்உடுப்பு இரண்டு. ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடக் காற்றுள்ள குப்பி, கழற்றி மாட்டலாம். கதவைத் திறந்தால் பட்டறைக் காற்றும் போய்விடும், திரும்பி வர இடமில்லை.
நாற்பதும் நாற்பதும் எண்பது. நான் போய்ச் சேர ஐந்து நிமிடம் கழித்தால் எழுபத்தைந்து. ஒருத்திக்குப் போதும்.

பகல் 12.10
அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 185 சூடேறியது, 225 சூடேறவில்லை, எனக்குத் தெரியும் என்று. உலகமே கேட்கட்டும். அவள்: “முன்னயே சொல்லியிருக்கலாமில்லீங்ண்ணா. நான் ஒல்லியாவே ஓட்டியிருப்பனே.”
அழுகையாக வருகிறது. இதை எடுத்துப் படிப்பவருக்கு: அவள் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை.

பகல் 12.12
உடுப்பு மாட்டியாயிற்று. அவளுக்கான இன்னொரு குப்பி தோளில். கையுறையோடு எழுத வரவில்லை.
“காத்து எனக்கு ரெண்டு குப்பியும்னா உங்களுக்குங்ண்ணா?”
எனக்கு வேறே இருக்குது அம்மிணி, நீ பேசாமல் மூச்சை மிச்சம் பிடி என்றேன். நம்பிவிட்டாள். கதவு திற