அண்ணன் அடைத்த ஓட்டை

14 மார்ச், சனிக்கிழமை

அண்ணனோடு இனிப் பேசப்போவதில்லை. காசிமேட்டில் ஃபைபர் படகுகளின் ஓட்டையை அடைப்பது அவன் வேலை. அதை அங்கேயே வைத்துக்கொண்டிருக்கலாம். நான் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரத்தில் என் எலக்ட்ரிக் கிட்டாரின் முகப்பிலிருந்த இரண்டு வளைந்த துளைகளையும் படகுக்குப் பூசும் ரெசின் பசையை வைத்து அடைத்துவிட்டான். மேலே சிவப்புப் பெயின்ட் வேறு.

போன ஞாயிறு மாதா கோயில் பூசையில் வாசித்தபோது நான் ஸ்பீக்கரை ஒட்டி நின்றதால் கிட்டார் ஊளையிட்டது. கோயிலே திரும்பிப் பார்த்தது. அதற்குத்தான் இந்த வைத்தியமாம்.

"ஓட்டையோட எவனாவது கடலுக்குப் போவானா? இனிமே கத்தாது, வாசிச்சுப் பாரு" என்றான்.

"அது ஓட்டை இல்ல, மூச்சு விடற எடம். நடுவுல மட்டும்தான் கட்டை. ரெண்டு பக்கமும் காலியா கீறதாலதான் அந்த சத்தமே வருது" என்று கத்தினேன்.

"அந்தக் காலி அப்படியேதான கீது? நான் வாய மட்டும்தான மூடினேன்."

ஸ்பீக்கர் முன்னாலேயே நின்று வாசித்தேன். ஊளையிடவில்லை. அவன் சிரித்தான். கிட்டாராலேயே அடித்திருப்பேன். அம்மா வேறு கை தட்டினாள்.

ஒயர் மாட்டாமல் வாசித்தால் ஒரு மெல்லிய சத்தம் வரும். நெஞ்சில் அதிரும், எனக்கு மட்டும் கேட்கும். அதற்காகத்தான் இந்தக் கிட்டாரை வாங்கினேன். இப்போது மடியில் வைத்து மீட்டிப் பார்க்கிறேன். வெறும் பலகை.

நாளை பூசையில் இது கத்தாது. எல்லாரும் அண்ணனைத்தான் பாராட்டுவார்கள்.