பொட்டு வைக்கக் கூடாத இடம்

என்மேல் கோபமாக இருக்கும் நைனாவுக்கு,

ஆயுத பூஜையன்று ரேணிகுண்டா ரன்வேயில் நம் சின்ன விமானம் ஓடத் தொடங்கியும் வேகமுள் அசையவே இல்லை. அதனால்தான் எழும்பாமல் பிரேக் போட்டேன்.

"சொந்தக்காரங்கள எல்லாம் கூட்டிக்கினு வந்தா, மானத்த வாங்கிட்டியே, பயந்தாங்கொள்ளி! இத வித்துடறேன்" என்று கத்தினீர்கள். அம்மா பக்கத்தில் நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை.

இறக்கைக்குக் கீழே விரல் போல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் காற்று புகுந்தால்தான் வேகம் தெரியும். அதன் வாயைச் சந்தனம் அடைத்திருந்தது. நகரியில் நம் தறிகளுக்கு ஓர் உறுப்பு விடாமல் பொட்டு வைத்துப் பழகிய கை யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

நான் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் பூஜை நடந்தது. இனி பூஜை முடிந்ததும் மறுபடி பார்க்காமல் ஏற மாட்டேன், யார் காத்திருந்தாலும் சரி.

விற்கும் பேச்சை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பறக்கத்தான் போகிறேன். பக்கத்து சீட்டு உங்களுக்கு. அம்மாவிடம் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள். அடுத்த வருடமும் அம்மாவே பொட்டு வைக்கட்டும். அந்தக் குழாயை நான் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயந்தாங்கொள்ளி