ஐந்து பெயரில் என் பெயர் எத்தனையாவது

ஆரணி
14-3-1983

அன்புள்ள மகன் குப்புராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் மாலியும், ஆடியில் வரப்போகிற குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பா, ஜெயம், நான் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் தங்கைக்குப் போன மாதம் இருந்த இருமலும் நின்றுவிட்டது. உடம்பு சுகம் என்று எழுதிவிட்டேன், மனசு சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. நீ எழுதினதில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியால் வீட்டில் சண்டை. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு நான் காரணம் இல்லை, நீதான்.

ஜெயம் உன் கடிதத்தை மூன்று தடவை உரக்கப் படித்தாள். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். நீ அந்த நாட்டுக் குடிமகனாக ஆவதற்கு மனுப் போட்டது போன வருஷமே எழுதினாய், அதற்கு அழ வேண்டியதை நான் அப்போதே அழுதுவிட்டேன். இப்போது மனு தேறிவிட்டது, ஆனால் அங்கே ஒவ்வொருவனுக்கும் குடும்பப் பெயர் ஒன்று இருந்தே ஆகவேண்டுமாம், நம் ஊரில் இருப்பதுபோல அப்பா பெயரின் ஒரு எழுத்து போதாதாம். அந்தக் குடும்பப் பெயரும் ஏற்கனவே இன்னொரு குடும்பத்துக்கு இருக்கக்கூடாதாம். அதனால் ஐந்து பெயரை வரிசையாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம், மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, நாட்டில் யாருக்கும் இல்லாத முதல் பெயரை எடுத்துக்கொள்வார்களாம். அப்படி எடுத்ததில் உனக்குக் கிடைத்தது பொன்னிவோங். பொன்னி என்பது அம்மா பெயர், வோங் என்றால் வம்சம் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு மனத்தாங்கல் என்றால் சித்திரை முடிவதற்குள் தெரிவித்தால் மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்றும், இல்லையென்றால் அந்தப் பெயர் எப்படி வந்தது, அர்த்தம் என்ன என்று எழுதி அனுப்பு, பாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். இவ்வளவுதானே? இதை எழுதி முடித்த பிறகும் எனக்குத் தலை சுற்றுகிறது.

அப்பா முதல் தடவை கேட்டபோது, நீ மாமனார் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டாய் என்று நினைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போய்விட்டார். அது இல்லை, அம்மா பெயர் என்று ஜெயம் சாயங்காலம் விளங்கச் சொன்னதும்தான் எழுந்து நின்றார். அன்றைக்கு அரக்குச் சாயம் போட்டுவிட்டு வந்திருந்தார், முழங்கை வரைக்கும் சிவப்பு, அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினதில் எனக்கே பயம் வந்துவிட்டது. 'அம்மா பேரை இனிஷியலா வெச்சிக்கினு திரிஞ்சா ஊரு இன்னா பேசும்? அப்பன் யாருன்னு தெரியாதவன்னு பேசும். நான் இன்னா செத்தா பூட்டேன்? கல்லு மாதிரி உக்காந்துகினு கீறேன்' என்று கத்தினார். அது இனிஷியல் இல்லை, குடும்பப் பெயர் என்று ஜெயம் சொன்னாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டார். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் எதிரே நின்று பரிமாறும்போதே, 'உங்க அம்மாவை இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லு' என்று ஜெயத்திடம் சொல்கிறார். நானும் ஜெயத்திடம், ரசம் தீர்ந்துவிட்டது, மோர்தான் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லச் சொல்கிறேன். நடுவில் அந்தப் பெண் பாடுதான் பேஜார். நான் என்ன குற்றம் செய்தேன் சொல்லு. என் பெயரை எடுத்துக்கொள் என்று உன்னிடம் நான் கேட்டேனா?

எனக்குச் சந்தேகம் தீரவில்லை என்று பெரியநாயகம் வாத்தியாரிடம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அவர்தான். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, எழுபது வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் அந்த நாட்டிலும் நம்மைப் போல வெறும் பெயர்தான், அப்புறம் ராஜா சட்டம் போட்டு எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார், ஒரே குடும்பப் பெயர் இருந்தால் ஒரே இரத்தம் என்று அர்த்தம், அதனால்தான் இன்னொருத்தர் பெயரைத் தொடவிடமாட்டார்கள் என்றார். அப்படியானால் அது கோத்திரம் மாதிரியா என்று கேட்டேன். இல்லை என்றார். குலதெய்வம் மாதிரியா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் இல்லை என்றார். 'நம்ம பக்கம் அப்பா பேரு ஒரு தலைமுறைதாம்மா நிக்கும், பேரனுக்கு அது போயிடும். அங்க வெச்சா வெச்சதுதான். உங்க பேரனுக்குப் பேரன் வரைக்கும் போய்கினே இருக்கும்' என்றார். அதைக் கேட்டதும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்திலா பயத்திலா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் எதிர்வீட்டு முனியம்மாள் பிடித்துக்கொண்டாள். வோங் என்றால் சைனாக்காரன் பெயராயிற்றே, உன் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான் என்று ஒழுங்காக விசாரித்தாயா என்று கேட்கிறாள். அவள் வீட்டுக்காரர் களம்பூர் ரைஸ் மில்லில் இருப்பவர் இல்லையா, அவர் பங்குக்கு, பொன்னி என்றால் அரிசி, அரிசி வம்சம் என்றால் நல்ல பெயர்தான், சோற்றுக்குக் கஷ்டம் வராது என்று சொல்லிச் சிரித்தார். இவர்களிடம் போய்ச் சொன்னேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பாரத்தில் எழுதக் கேட்டாயே, சொல்கிறேன், ஆனால் எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக நான் வயிற்றில் இருக்கும்போது என் அம்மா வெம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரைப் பொன்னியம்மனிடம் போய், இதையாவது விட்டுவை, உன் பெயரையே வைக்கிறேன், எடுத்துக்கொண்டால் உன் பெயரைத்தான் எடுத்துக்கொண்டதாக அர்த்தம் என்று சண்டை போட்டுவிட்டு வந்தாளாம். நான் தங்கிவிட்டேன். பெயரின் கதை இவ்வளவுதான். பொன்னி என்றால் பொன் போன்றவள் என்று வாத்தியார் அர்த்தம் சொன்னார், அதை எழுது. எங்கள் அம்மா சண்டை போட்டதை எழுதினால் அந்த ஆபீசர் என்ன நினைப்பாரோ. அப்புறம் இன்னொன்று எனக்குப் புரியவே இல்லை. யாருக்கும் இல்லாத பெயர் என்று எழுதியிருக்கிறாய். நம் தெருவில் மட்டும் நான்கு பொன்னியம்மாள் இருக்கிறோம். ரேஷன் கடையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நான்கு பேரும் திரும்பிப் பார்ப்போம், பிறகு சாயக்காரர் வீட்டுப் பொன்னி, பூக்காரப் பொன்னி என்று பிரித்துச் சொல்வார்கள். எங்கள் ஊருக்குப் போனால் வீட்டுக்கு வீடு பொன்னிதான், வைக்க வேறு பெயரே இல்லாத ஊர். அந்தப் பெயர் அங்கே அத்தனை கோடி ஜனத்தில் ஒருத்தருக்கும் இல்லை, இனிமேல் உனக்கும் மாலிக்கும் பிறக்கிற பிள்ளைக்கும் மூன்று பேருக்கு மட்டும்தான் என்கிறாய். இங்கே தெருவில் கொட்டிக் கிடக்கிற பெயர் கடல் தாண்டினதும் எப்படி அப்படி ஆகும்? ஓட்டர் லிஸ்டில்கூட என் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர் சுப்பராயலு என்று போட்டால்தான் நான் எந்தப் பொன்னி என்று தெரியும். கோயிலில் அர்ச்சனைக்கு அப்பா பெயர், உன் பெயர், ஜெயம் பெயர் சொல்லிவிட்டு என் பெயரை நானே சொல்லாமல் வந்துவிடுவேன், எல்லாருக்கும் செய்தால் எனக்கும் சேர்த்துத்தானே என்று. அந்தப் பெயரை ஒரு சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து தேடி, யாருக்கும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் என்னால் நம்ப முடியவில்லை.

இதற்கு நடுவில் போன ஞாயிற்றுக்கிழமை ஜெயத்தைப் பார்க்கத் தேசூரிலிருந்து வந்துவிட்டார்கள். பையன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை, அவன் அப்பா சடையப்பன் எதையும் துருவிக் கேட்கிற மனுஷர். பத்திரிகை அடிக்கும்போது பெண்ணுக்கு அண்ணன் பெயரை எப்படிப் போடுவது, வெளிநாட்டில் பெயரை மாற்றிக்கொண்டானாமே, களம்பூர் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்களே என்று கேட்டார். முனியம்மாள் வீட்டுக்காரர் வேலைதான், வேறு யார். நான் காப்பித் தட்டோடு கதவோரம் நின்றுவிட்டேன். இவர் ஏதாவது மழுப்புவார், இல்லையென்றால் உன்னைத் திட்டுவார், சம்பந்தம் கையை விட்டுப் போகும் என்றே நினைத்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'ஆமாங்க. எங்க வூட்டுக்காரி பேருதான் வெச்சிருக்கான். அந்த நாட்டுலயே வேற ஒருத்தனுக்கும் கெடையாத பேருங்க அது. சர்க்காரு தேடிப் பாத்துட்டுக் குடுத்துது. ராஜா வூட்டுக்கே அப்படி ஒரு பேரு கெடையாது' என்றார். கடைசியில் சொன்னது அவரே சேர்த்துக்கொண்டது, நீ அப்படி எழுதவில்லை. சடையப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காப்பியைக் கொடுத்தேனா, கீழே வைத்தேனா என்று நினைவில்லை. வைகாசியில் நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், ஜெயத்துக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. அவர்கள் தெருமுனை தாண்டினதும் நான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால் அப்பா ஜெயத்திடம், 'உங்க அம்மாவை ஜல்தியா சோத்தைப் போடச் சொல்லு' என்கிறார். இந்த மனுஷரை என்னவென்று சொல்வது? முப்பது வருஷம் குடித்தனம் செய்தும் எனக்கு விளங்கவில்லை.

நேற்றுதான் நேராகப் பேசினார். எழுதிப் போடு, அந்தப் பெயரே இருக்கட்டும், மாற்ற வேண்டாம் என்றார். அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். 'ஆனா ஒண்ணு. என் பேரைத்தான் அவன் மொதல்ல எழுதியிருப்பான். அது அங்க எவனாவது பெரிய மனுசனுக்கு இருந்திருக்கும், அதான் தள்ளிட்டாங்க. ஒம் பேரு அஞ்சாவதா ரொப்பறதுக்கு எழுதினதா இருக்கும்' என்றார். ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொல்லிவிட்டேன். அவர் முகம் அதற்குப் பிறகுதான் தெளிந்தது. அது அப்படியே இருக்கட்டும், அவரிடம் வேறு மாதிரி சொல்லிவிடாதே. உனக்காக எட்டு வருஷம் மேல் சட்டை தைக்காமல் படிக்க வைத்த மனுஷர்.

மாலியை உங்கள் கடையில் நாள் முழுக்க நிற்க விடாதே. ஆறாம் மாதம் வந்தால் காலில் நீர் இறங்கும், உட்கார முக்காலி ஒன்று போட்டுக் கொடு. அவள் அம்மா சொல்கிற பத்தியத்தைக் கேட்கட்டும், அந்த ஊர்க் காற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத்தான் தெரியும், ஆனால் வேகாத மீனை மட்டும் தின்னாமல் பார்த்துக்கொள். அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன், அப்பா கையால் சாயம் போட்ட நூல். யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். பெயருக்குப் பின்னால் என் பெயரைப் போட்டுக்கொள்ள அவளுக்கு மனசு வந்ததா என்று அவளைக் கேட்டு எழுது. வேறு வீட்டிலிருந்து வந்த பெண், அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்குமே, அது எங்கே போயிற்று?

மறந்துவிடாதே, சித்திரை முடிவதற்குள் அந்தப் பாரத்தைக் கொடுத்துவிடு. இன்னும் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஐந்து பெயர் எழுதினாயே, அதில் என் பெயரை எத்தனையாவதாக எழுதினாய்? முதலில் எழுதி உடனே கிடைத்ததா, மற்ற நான்கும் தள்ளிப்போய் மீந்ததா? உன் கடிதத்தில் எத்தனை தடவை படித்துப் பார்த்தும் அது இல்லை. நேராக எழுதிவிடாதே. நீ எழுதுவதை ஜெயம் உரக்கப் படிப்பாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒன்பது வருஷமாக உன் கடிதம் எல்லாம் அன்புள்ள அப்பா அம்மாவுக்கு என்றுதான் தொடங்குகிறது. என் பெயர் முதலில் இருந்தது என்றால் இந்த ஒரு தடவை அன்புள்ள அம்மா அப்பாவுக்கு என்று தொடங்கு. எனக்குத் தெரிந்துவிடும், வேறு யாருக்கும் தெரியாது. இல்லையென்றால் எப்போதும்போலவே எழுது கண்ணு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று பேரும் நூறு வயசு நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு உன் அம்மா,
பொன்னியம்மாள்