ஏழாம் எண் பாத்தி

பிப்ரவரி 10

அன்புள்ள வயல்காரருக்கு,

நான் நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

இன்று முதல் நாற்பது நாள், நம் வயலில் இருக்கும் பன்னிரண்டு சோயா ரகங்களுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. நம் மண்ணில் எது வறட்சியைத் தாங்கிக் காய்க்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது. மூன்று வருடமாக ஆளுக்கொரு ஊரில் உலை வைப்பதும் முடிந்தது. அதுவரை உங்கள் இளகின மனசைப் பூட்டி வையுங்கள்.

உங்கள் விதைக்காரி

பிப்ரவரி 26

என் விதைக்காரிக்கு,

மத்தியானத்தில் சோயா இலைகள் புரண்டு, வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டுகின்றன. வயல் முழுக்கப் பகலிலேயே நிலா இறங்கிப் படுத்திருப்பதுபோல இருக்கிறது. நேற்று வரப்பிலேயே கண் அசந்துவிட்டேன். நீ செடிகளுக்குள் நடந்து வந்தாய். சேலை உரசும் சத்தம்கூடக் கேட்டது. விழித்தால் வெறும் காற்று.

பன்னிரண்டில் ஏழாம் எண் ரகச் செடிகள்தான் முதலில் தலை தொங்கின. பார்க்கவே பாவமாக இருக்கிறது. மற்றபடி வயலும் நானும் சுகம்.

உன் வயல்காரன்

மே 2

அன்புள்ள வயல்காரருக்கு,

ஏழுதான் முதலிடம்! நீங்கள் அனுப்பிய மூட்டைகளை மூன்று முறை எடை போட்டுவிட்டேன். விதை அறையில் பகலெல்லாம் வெயிலில் தூசி மினுங்குகிறது. அறிக்கை எழுதிக்கொண்டே மனசால் நம் வீட்டுக்குப் போய்ப் போய் வந்தேன். பதினைந்தாம் தேதி அறிக்கை போகிறது. அடுத்த பருவம் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு ஏழாம் விதை, எனக்கு நம் ஊருக்கு மாற்றல். அலமாரியில் பாதியைக் காலி செய்யுங்கள். உங்கள் சட்டைகள் ராஜாவாகப் படுத்திருந்தது போதும்.

உங்கள் விதைக்காரி

மே 8

என் விதைக்காரிக்கு,

அலமாரியைக் காலி செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். பதினோரு சாயங்காலம், வாளியால், ஏழு விதைத்திருந்த மூன்று பாத்திக்கும். கண்ணெதிரே வாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். உன் கடிதம் வந்து மூன்று நாள் திறக்காமல்தான் இருந்தேன். ஆனால் பக்கத்து வயல்காரர் அந்த விதையை நம்பி விதைப்பார். மழை பொய்த்தால் அவர் எங்கே போவார்? எனக்கு நீ வேண்டும், இப்படி வேண்டாம்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். முதல் பாதியாவது நடக்கட்டும். திட்டி எழுது.

வயல்காரன்

மே 12

அன்புள்ள வயல்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி, இன்னொரு முறை படித்து அழுதேன். கோபத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையை நிறுத்திவிட்டேன். மேலதிகாரியிடம், "எங்க வீட்டுக்காரர் தண்ணி ஊத்திட்டார் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாற்றல் போயிற்று. இன்னொரு வருடம் விதைக்க வேண்டும்.

உங்களை நம்பி ஒரு ஊரையே ஒப்படைக்கலாம், வாடின செடியை மட்டும் ஒப்படைக்க முடியாது. அடுத்த முறை தண்ணீரை நிறுத்தும் அன்றைக்கே மோட்டார் சாவியையும் வாளியையும் வயலுக்கு நான் அனுப்பும் எங்கள் மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள். அந்த நாற்பது நாளும் நீங்கள் இங்கே, என்னோடு. அறை சின்னது, கட்டிலும் சின்னது. இது உத்தரவு.

உங்கள் விதைக்காரி