குழாய் இல்லாத ஆறு

2018 மே 26, சனி

நாளை திரித்துவத் திருநாள். அன்று வீட்டுத் தரையில் பசுந்தழை பரப்புவது எங்கள் வழக்கம். தோழி வசிலினா ஆற்றிலிருந்து ஒரு கட்டு வசம்புத் தழை அறுத்து வந்தாள். தரையில் பரப்பினோம். பத்து நிமிடத்தில் வாரி வெளியே போட்டோம். கோழிக் கழிவின் நாற்றம். "பண்டிகை வாசனை வந்துடுச்சுடி" என்றாள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பீட்ரூட் சூப் குடித்தோம்.

கோழிப்பண்ணை இரண்டாவது கழிவுக் குழாய் பதிக்க அனுமதி கேட்கிறது. செப்டம்பரில் பொது விசாரணை. முதல் குழாய் ஏழு வருடமாக ஆற்றுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பது அவர்கள் வாதம். வசிலினா பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவளிடம் இருப்பது இரண்டு வருடத் தண்ணீர்ப் பரிசோதனைத் தாள்கள் மட்டும். அதற்கு முந்தைய ஆற்றுக்கு யார் சாட்சி?

"இருபது வருஷமா அதே கரையில உக்காந்து வரையறியே. உன் படங்களை வரிசையா வெச்சா போதும். அல்லி எப்ப செத்துச்சுன்னு பச்சப்புள்ளகூடச் சொல்லும்."

சரி என்றேன். பெருமையாக இருந்தது.

மே 29

படங்களை இறக்கிச் சுவரில் சாய்த்தேன். வருடத்துக்கு ஒன்று, அதே வளைவு, அதே காலை ஏழு மணி. 2011 முதல் ஏழு படங்கள். ஒன்றிலும் குழாய் இல்லை.

எப்படி இருக்கும்? நான் வரையவில்லை. இடது ஓரத்தில், வில்லோ மரத்தடியில் அது நீட்டிக்கொண்டிருந்தது. படத்தைக் கெடுத்தது. மின்கம்பம், பிளாஸ்டிக், சாக்கடை எதுவானாலும் விட்டுவிட்டுப் போகக் கல்லூரியிலேயே பழகிய கை இது.

குழாய் போகட்டும். அல்லி? 2014இலேயே அந்த வளைவில் அல்லி கிடையாது. தண்ணீர் வெறுமையாக இருக்கிறதே என்று நானாக வைத்தேன். 2017 படத்தில் பதினொரு பூ. எண்ணிப் பார்த்தேன்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் என் கையெழுத்தில் இடம், தேதி, நேரம். அதற்குக் கீழே, 'நேரில் பார்த்து வரைந்தது'. வெளியில் உட்கார்ந்து வரைகிற எங்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். கை தானாக எழுதிவிடும்.

ஜூன் 2

வசிலினாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 17

தொலைபேசியில் கேட்டாள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஆகஸ்டில் ஊர் அருங்காட்சியகத்தில் என் கண்காட்சி. எனக்கு அறுபது வயதானதற்காக அவர்களே வைப்பது. பெயர் 'உயிருள்ள நீர்'. அது முடியட்டும், பிறகு சொல்கிறேன்.

பிறகு என்றால் எப்போது?

ஆகஸ்ட் 18, சனி

கூட்டம் நன்றாக இருந்தது. இயற்கையின் மனசாட்சி என்று என்னை அறிமுகம் செய்தார்கள். தலையாட்டினேன்.

மீன் பிடிக்கிற ப்ரோகிப் 2017 படத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "அக்கா, இது எந்த ஊரு? அங்க பஸ் போகுதா? நான் தூண்டிலோட கெளம்புறேன்." எல்லாரும் சிரித்தார்கள். வசிலினா சிரிக்கவில்லை. அவள் உதடு அசைந்தது. பூக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

நல்ல கோட்டு போட்ட ஒருவர் சட்டகங்களைத் திருப்பச் சொல்லிப் படங்களின் பின்பக்கத்தையும் புகைப்படம் எடுத்தார். வாங்க வந்தவர் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 20, வியாழன்

அந்தக் கோட்டுக்காரர் பண்ணையின் வழக்கறிஞர். பெயர் உஸ்திம். பொது விசாரணை நடந்த பண்பாட்டு மன்றத் திரையில் ஏழு படங்களையும் காட்டினார். பிறகு ஏழு பின்பக்கங்களையும். என்னைக் காட்டி, இந்த ஆற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்றார்.

எழுந்தேன். குழாயை நான்தான் விட்டுவிட்டேன், அல்லிகளை நான்தான் வைத்தேன் என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. "யாரினா அம்மா, அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? எதைப் பதிவு பண்ணட்டும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓர் ஆசிரியை தானே எடுத்த அளவுகள் என்று வசிலினாவின் தாள்களை ஒதுக்கி வைத்தார்கள். மடியில் தண்ணீர்ப் பாட்டில்களோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் சொன்னாள்: "எதிர்ப்பு மனுவுல ஓவியங்களே சாட்சின்னு ஜூன்ல நான்தான் எழுதிக் குடுத்தேன். அதப் படிச்சுட்டுத்தான் அவன் உன் கண்காட்சிக்கே வந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வரியையே எழுதியிருக்க மாட்டேன்." எப்போதும் போடும் 'டி' இல்லை.

செப்டம்பர் 21

முழுசா மூணு மாசம் இருந்துச்சு — நான் வாயத் தெறந்தா என்ன? சுவத்துல என் படம் தொங்கணும். அதுக்குத்தான.

டிசம்பர் 4

அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆவணத்தின் இணைப்பில் என் 2017 படம், வண்ணத்தில். அச்சு நன்றாக வந்திருக்கிறது. பச்சை கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

2019 ஜூன் 15, சனி

நாளை திரித்துவத் திருநாள். காலை ஏழு மணிக்கு வளைவில் உட்கார்ந்தேன். இரண்டு குழாய்கள், நுரை, வில்லோவின் பட்ட கிளை, மல்லாந்து கிடந்த ஒரு கெண்டை. எதையும் விடவில்லை. ப்ரோகிப் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தூண்டில் இல்லை. பார்த்துவிட்டு, "இப்பதான் இடம் தெரியுது" என்று சொல்லிப் போனான்.

பின்பக்கம் இடம், தேதி, நேரம் எழுதினேன். அதற்குக் கீழே எழுத வேண்டியதை எழுதவில்லை. என் கையெழுத்தில் யார் நம்புவார்கள்?

சந்தையில் வேறு ஆற்று வசம்பு வந்திருந்தது, லாரியில். இரண்டு கட்டு வாங்கினேன். ஒன்றை வசிலினாவின் கதவருகே வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் அது என் வாசலில் கிடந்தது. கயிறுகூட அவிழ்க்கவில்லை.