தெத்துப்பல் தெரியும் படம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

மலர் வந்தாள். கல்யாணத்துக்குப் பதினாறு நாள். தாலி ஏறியதும் முதலில் அவள் அம்மா படத்தை விழுந்து கும்பிட வேண்டுமாம். அம்மா, அதாவது என் தங்கை செல்வி, போய்ப் பதினோரு வருடம். இருப்பது ரேஷன் கார்டுப் படமும் ஆஸ்பத்திரியில் எடுத்த ஒன்றும். ஆல்பம் வெள்ளத்தில் ஒட்டிப் பாளமாகிவிட்டது.

“இது ரெண்டும் வேண்டாங்க பெரீம்மா. நோவு இல்லாத அம்மா வேணும்.”

அண்ணன் கல்யாண வீடியோ இருக்கிறது. கேசட்டிலிருந்து பென்டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறார். கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்
கல்லூரி விட்டு வந்து லேப்டாப். ஓட விடு, நிறுத்து, படமாக எடு. கிடைத்த செல்விகள்:
பந்தியில், சாம்பார் வாளியோடு. முகம் கோடு கோடாக.
சந்தனக் கிண்ணத்தோடு. கண் மூடி.
யார் வீட்டுக் குழந்தையையோ துரத்திக்கொண்டு. புடவை மட்டும்.

அசைந்தால் கலங்கிவிடுகிறது. இவள் எங்கே அசையாமல் இருந்தாள்? இருபது வயது.

ஆகஸ்ட் 16, சனி
சித்தூர் ஸ்டுடியோவுக்கு மலரோடு, சாம்பார் வாளிப் படத்தை எடுத்துக்கொண்டு. “ஏஐல போட்டா பளிச்சுனு வருமுங்க மேடம்.” பளிச்சென்றுதான் வந்தது. கோடுகள் போயின. தெத்துப்பல்லும் போயிற்று. “பல்லுங்கூட நேராயிருச்சு பாருங்க!” அவருக்குப் பெருமை.

மலர் வாங்கிப் பார்த்தாள். “இது ஆருங்க?”



ஆகஸ்ட் 17, ஞாயிறு
மறுபடி முதலிலிருந்து. இணைச்சீர் வரும் இடத்தை இதுவரை தள்ளித் தள்ளி ஓட்டியிருக்கிறேன். வேண்டுமென்றேதான்.

மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் நின்று செய்யும் சீர். மூத்தவள் நான்தான் நின்றிருக்க வேண்டும். சடங்கில் நம்பிக்கை இல்லை என்றேன். எம்.ஏ. திமிர். செல்வி ஒன்றும் சொல்லாமல் போய் நின்றாள். அன்று முழுக்க என்மேல் கோபமாக இருந்தாள் என்றே நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

தலையில் கூறைச்சேலைக் கூடை. தலையை ஆட்ட முடியாது. ஐந்தாறு நொடி அசையாமல் நிற்கிறாள். கண் மட்டும் ஓரமாக. உதட்டை மடித்து அடக்குகிறாள், தெத்துப்பல் அடங்கவில்லை.

கேமராவுக்குப் பின்னால், ஓரமாக நான். சீர் செய்துவைத்த அருமைக்காரரைப் போல முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டு நின்றது இப்போதுதான் நினைவு வருகிறது.

கோபமில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டு அரிசி களைந்தேன். இரண்டு முறை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
வெயில். படம் பிரிண்ட் ஆகி வந்தது. கொஞ்சம் மங்கல்தான். பல் இருக்கிறது.

அண்ணன்: “ஏம்புள்ள, கும்புடற படத்துல இளிச்சுட்டு இருந்தா நல்லாவா இருக்குது?”

மலர்: “எங்கம்மா சிரிக்கட்டும், உடுங்க மாமா.” பிறகு என்னிடம், “அம்மா ஆரைப் பாக்கறாங்க பெரீம்மா?”

“கேமராக்காரனை.”

நம்பவில்லை. உள்ளதைச் சொன்னேன், சீர் மறுத்ததையும் சேர்த்து. படத்தை மேசையில் நிறுத்தி, பார்வை போகும் பக்கமாக விரலை நீட்டிப் பார்த்தாள்.

“அப்பப் படத்த மணவறைக்கு வலது பக்கம் வெச்சரலாமுங்க. நீங்க இந்தப் பக்கம், முன்னால உக்காருங்க. அம்மா பாக்கறதுக்கு ஆளு வேணுமல்லங்க?”

கல்யாணங்களில் எனக்குக் கடைசி வரிசை, வாசலோரம், சடங்கு தொடங்கினால் எழுந்து போக வசதியாக. எல்லோருக்கும் தெரியும்.

என் பச்சைப் பட்டுக்கு ஃபால்ஸ் தைக்க வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும்.