அட்டவணையை மனப்பாடம் செய்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை உன் போனுக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து வந்தது. உன் குரல் பதிவுகள் இருப்பதால் அதை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பியது சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. இணையத்தில் சீட்டாட வைக்கும் ஒரு தளம். உன் பெயரைச் சொல்லி, உன் கணக்கில் இலவசப் பணம் போட்டிருப்பதாகவும் நீ திரும்பி வரக் காத்திருப்பதாகவும் எழுதியிருந்தது. நின்றபடி படித்தேன். நீ காசில்லாமல் வெறும் புள்ளிக்குத்தானே ஆடினாய்? புள்ளிக்கு ஆட எதற்குப் பணக் கணக்கு?

உனக்கு அந்த ஆட்டம் வந்தது என்னால்தான். இரண்டு வருடம் போனில் காசு வைத்து பிளாக்ஜாக் சீட்டாட்டம் ஆடி, கடைசியில் மோட்டார் சைக்கிளையும் விற்றுவிட்டு, லிங்கி ரப்பர் தோட்டத்தில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீ திட்டவில்லை. வாரத்தில் மூன்று காலை உன்னை உன் காரில் லோபாக்கில் இருந்த டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப் போகும் வேலையைக் கொடுத்தாய். ஒருநாள், ஊசி ஏறாத கையில் போனை எடுத்துக்கொண்டு, "அந்த ஆட்டத்த எனக்குச் சொல்லிக்குடுடா" என்றாய்.

"வேணாம்க்கா. பயமா இருக்கு."

"காசுக்கு இல்லலா. சும்மா. உன்ன எது புடிச்சி வச்சிருக்குன்னு நான் பாக்கணும்."

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் மனசு சொன்னபடி ஆடியவன் நான். நீ தோட்ட ஆபீசில் இருபது வருடம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவள், மனசு சொல்வதையெல்லாம் நம்பமாட்டாய். அடிப்படை உத்தி என்று ஓர் அட்டவணை இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தாய். நம் கையில் எவ்வளவு, டீலர் திறந்து காட்டும் சீட்டு எது என்று பார்த்தால், இன்னொரு சீட்டு வாங்குவதா, போதுமென்று நிற்பதா என்று அது சொல்லிவிடும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுப்பாய். "பன்னெண்டு, டீலருக்கு ஆறு, நிக்கணும். ரெண்டு எட்டு, ரெண்டு ஆட்டமா பிரிக்கணும்." பக்கத்துப் படுக்கை மலாய்க்கார அம்மா, நீ பிரார்த்தனை செய்வதாக நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ஆறாவது வாரம் என்னை அருகில் உட்காரவைத்து, புள்ளிக்கு இருநூறு ஆட்டம் ஆடச் சொன்னாய். என் கையில் பதினாறு, டீலருக்குப் பத்து. நான் நிற்கப் பார்த்தேன். "வாங்குடா. ரெண்டுமே மோசம்தான். இது கொஞ்சம் கம்மி மோசம்." ஒரு தப்பும் இல்லாமல் ஆடி முடித்தேன். அப்படியும் புள்ளிகள் குறைந்திருந்தன.

"பாத்தியா? ஒழுங்கா ஆடுனா மெதுவா தோக்குற. இஷ்டத்துக்கு ஆடுனா சீக்கிரமா தோக்குற. இதுல வேற ஒன்னும் இல்ல."

அன்றோடு விட்டேன். சி ரூசாவில் ஓட்டல் வேலைக்கும் சேர்ந்தேன். ஆனால் நீ போனைக் கீழே வைக்கவில்லை. பொழுது போகிறது என்றாய். நான் பக்கத்தில் வந்தால் திரையைக் கவிழ்ப்பாய். கேட்டிருக்கலாம். என்ன பதில் வருமோ என்ற பயத்தில் கேட்கவில்லை. பிறகு ஒரு காலை, டயாலிசிஸ் இயந்திரத்தில் இருக்கும்போதே உன் இதயம் நின்றுபோனது.

இன்று அந்தக் கணக்கைத் திறந்தேன். நிஜப் பணம்தான், அக்கா. தொகை பெரிதில்லை. கடைசி மூன்று மாதம், டயாலிசிஸ் நாள் ஒன்று விடாமல் ஆடியிருக்கிறாய். ஒவ்வோர் ஆட்டமும் அதில் பதிவாகியிருந்தது. முதலில் எல்லாமே அட்டவணைப்படி. கடைசி வாரத்தில் நீ, அட்டவணை நிற்கச் சொல்லும் பதினேழில் நிற்காமல் சீட்டு வாங்கியிருக்கிறாய். மறுபடியும் பதினேழு, மறுபடியும் வாங்கியிருக்கிறாய். அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய நீ. பணத்தைப் பார்த்தபோது வராத பயம் அதைப் பார்த்ததும் வந்தது. மனசு சொன்னபடி நான் ஆடியதும் அப்படித்தான்.

தளத்தின் உதவிப் பகுதியில் எழுதினேன்: "கணக்குக்காரர் இறந்துவிட்டார். மூடிவிடுங்கள்." உடனே பதில் வந்தது: "வருந்துகிறோம். இந்த இலவசப் பணச் சலுகையை உங்கள் பெயருக்கு மாற்றித் தரலாமா?"

என் கட்டைவிரல் அந்தக் கேள்விக்கு மேலேயே நின்றது. போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன். பால்மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்கும்வரை நடந்தேன். திரும்பி வந்து, "வேண்டாம். மூடுங்கள்" என்று எழுதினேன். மூடிவிட்டார்கள்.

உன் காரில்தான் வேலைக்குப் போகிறேன். முன்னால் போகும் லாரியின் எண்ணில் ஐந்தும் ஆறும் சேர்ந்து இருந்தால், பதினொன்று, பந்தயத்தை இரட்டிப்பாக்கு என்று மனசு தானாகச் சொல்லிவிடுகிறது. நீ முணுமுணுத்த அதே குரலில். அப்போது ஸ்டியரிங்கில் கை நடுங்கும். காரை ஓரமாக நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருப்பேன். அந்த நடுக்கத்தை நான் திட்டுவதில்லை, அக்கா; என்னை ஆட்டத்திலிருந்து தள்ளி வைத்திருப்பது அதுதான். ஒருநாள் அது வராமல் போய்விடுமோ என்பதுதான் இப்போது என் பயம்.